இப்னு பதூதா போன வழியில் ஒரு நாள்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

போன தவணை முடிய ஒரு கிழமை இருக்கும்போது வகுப்பில் இப்னு பதூதா வந்தார். மொரோக்கோவில் பிறந்தவர், 1344ல் இலங்கைக்கு வந்தார், புத்தளத்தில் இறங்கினார், பாவா ஆதம் மலைக்குப் போனார். பாடப்புத்தகத்து வரிகளை வழக்கம் போல ஓட்டிக்கொண்டு போனேன். பின் வாங்கிலிருந்து ஒரு மகன் கையைத் தூக்கினார்.

"சேர், புத்தளத்திலிருந்து பாவாதமலைக்கு எந்த ரோட்டால போனாரு? பாலாவி ரோட்டாலயா?"

வகுப்பு முழுக்க சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை, பதில் தெரியாது என்பதால். நான் பிறந்து வளர்ந்தது புத்தளம். இப்னு பதூதாவின் பெயரைச் சொல்லிச் சொல்லியே பெருமைப்படும் ஊர் நமது. ஆனால் மனுசன் எந்தப் பக்கமாக நடந்தார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பிள்ளையிடம், "லீவு முடிஞ்சு வந்து சொல்றன் மகன்" என்று தப்பித்துக்கொண்டேன்.

லீவில் அந்தப் பயணக் குறிப்பைத் தேடி எடுத்தேன். கிப் என்பவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு. இலங்கைப் பகுதி சில பக்கங்கள்தான். ஆனால் அந்தச் சில பக்கங்களில் நமது ஊர் இருக்கிறது!

மாலைதீவிலிருந்து தென்னிந்தியாவில் உள்ள மஃபருக்குப் போகப் புறப்பட்டவரைக் காற்று இங்கே தள்ளிவிட்டது. அவர் இறங்கிய இடத்தை 'பத்தாலா' என்று எழுதுகிறார். அது புத்தளம் என்பதுதான் ஆய்வாளர்களின் பொதுவான முடிவு. அப்போது இங்கே இருந்த மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி. மன்னருக்குப் பாரசீக மொழி விளங்கியதாம், அதனால் பேச்சு சுலபமாகிவிட்டது. என்ன வேண்டும் என்று கேட்ட மன்னரிடம், ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் பாதச் சுவட்டைப் பார்ப்பதைத் தவிர வேறு ஆசை இல்லை என்றார். மன்னரும் ஆட்களைக் கூட்டி அனுப்பினார். நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், மன்னருடைய ஆட்கள் பத்துப் பேர், சாப்பாட்டுச் சாமான் தூக்க 15 பேர். பதூதாவுக்குப் பல்லக்கு. தண்ணீர் மட்டும் தூக்கத் தேவையில்லை, வழியெல்லாம் நிறைய இருந்தது என்கிறார்.

பல்லக்கு என்று வாசித்ததும் எனக்குச் சின்ன ஏமாற்றம். 'நடந்தார், நடந்தார்' என்று இத்தனை வருடம் படிப்பித்திருக்கிறேன்.

முதல் நாள் ஓர் ஆற்றங்கரையில் தங்கி, மூங்கில் தெப்பத்தில் ஏறிக் கடந்தார்கள். பிறகு 'மனார் மந்தலி' என்ற ஊர். அதை நமது முந்தல் பக்கம் என்று சொல்பவர்கள் உண்டு. அங்கே காட்டில் பிடித்த எருமைக் கன்றும் சோறும் நெய்யும் மீனும் கோழியும் பாலுமாக விருந்து வைத்தார்களாம். பிறகு 'பந்தர் ஸலாவாத்', அதாவது சிலாபம். அதன் பிறகு கரடுமுரடான நாடு, நிறையத் தண்ணீர், நிறைய யானை.

முந்தலிலிருந்து சிலாபம் வரையுள்ள துண்டு மனதில் ஒட்டிக்கொண்டது. ஒரு பகல் நடை. கரையோரமாகப் போனால் ஒல்லாந்தர் வாய்க்கால், கண்டல் காடு, ஆனைவிழுந்தான் குளங்கள். பஸ்ஸில் ஆயிரம் தடவை தாண்டியிருக்கிறோம். தாண்டும்போது நாம் பார்ப்பது சிலாபம் வீதியும் போனும்தான்.

வீட்டில் சொன்னேன். மனைவி நடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மூலையில் கிடந்த பேக்கைப் பார்த்தார்.

"அந்த பேக்கக் கொண்டு போகாதீங்க. சாமான சொப்பிங் பேக்ல போட்டுக் கொண்டு போங்க. ஆக்களுக்கு உள்ளுக்கு என்ன இரிக்கென்டு தெரியும்."

விளங்காதவர்கள் இதை வாசிப்பவர்களில் யாரும் இருக்க மாட்டீர்கள். 2019 ஏப்ரல் 21க்கு முதல் நான் லீவு நாட்களில் நடப்பவன். கற்பிட்டிப் பக்கம், கரைத்தீவுப் பக்கம், தோளில் பேக்கோடு. அந்த ஞாயிறுக்குப் பிறகு நடப்பதை விட்டேன். மே மாதம் நமது மாவட்டத்திலேயே, கொட்டாரமுல்லையில் ஒரு மனிதரை அவருடைய இடத்திலேயே வெட்டிக் கொன்ற பிறகு, தாடியோடும் பேக்கோடும் தெரியாத ஊரில் நடப்பதை நினைக்கவே இல்லை. பேக் சுவர் மூலையில் இருந்தது, பிள்ளையின் பழைய கொப்பிகளோடு.

கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு கொப்பிகளை எடுத்து வெளியே வைத்துவிட்டு அதே பேக்கை எடுத்தேன். வீரம் ஒன்றும் இல்லை. 3 லீற்றர் தண்ணீரை சொப்பிங் பேக்கில் தூக்கி நாள் முழுக்க நடக்க முடியாது.

சுபஹ் தொழுதுவிட்டு முதல் பஸ். பத்துளு ஓயாச் சந்தியில் இறங்கி உடப்புக்கு நடந்தேன். கல்வியியற் கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பன் உடப்புக்காரன். திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்குக் கூப்பிட்டு, கூப்பிட்டு, நான் வராமல், அவனுக்குக் கூப்பிடுவதே அலுத்துப்போயிருந்தது. விடிய ஏழு மணிக்கு வாசலில் என்னைக் கண்டதும், "என்னடா, யாரும் மௌத்தா?" என்றான். நண்பனின் அம்மா பிளேன்டீ தந்தார். நடந்து சிலாபம் போகிறேன் என்றதும், "ஏன் தம்பி, பஸ் இல்லியா?" என்று உண்மையாகவே கவலைப்பட்டார். விளக்க முயன்றேன். நண்பன், "அம்மா, இவன் படிக்கிற காலத்திலயும் இப்படித்தான்" என்று முடித்துவிட்டான்.

கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். உடப்பு அம்பாப் பாட்டைச் சின்ன வயதில் வானொலியில் கேட்டிருக்கிறேன். அன்று பாட்டு இல்லை. ஒரு பக்கம் கயிற்றை உழவு இயந்திரம் இழுத்தது. அதற்குப் பாட்டுத் தேவையில்லைதானே.

உடப்பிலிருந்து தெற்கே, இடப்பக்கம் வாய்க்கால், வலப்பக்கம் கொஞ்சம் தள்ளிக் கடல் இரைச்சல். ஒல்லாந்தர் காலத்தில் புத்தளத்திலிருந்து கொழும்பு வரை வள்ளங்கள் போன நீர்வழி இது. புத்தளத்து உப்பு இதால்தான் போனது. இப்போது சில இடத்தில் தண்ணீர் தெரிகிறது, சில இடத்தில் ஆற்றுவாழைதான் தெரிகிறது. பச்சை விரிப்பு மாதிரி மூடிக் கிடக்கிறது. அதன் மேல் ஒரு கொக்கு ஏதோ சொந்தக் காணி போல நடந்து திரிந்தது.

அதைத் தாண்டினால் இறால் பண்ணைக் குழிகள். சதுரம் சதுரமாக, வெடித்த மண்ணோடு, ஓரத்தில் உப்புப் படிந்து. 1980களில் இந்தக் கரை முழுக்கக் கண்டல் காட்டை வெட்டித்தான் இந்தக் குழிகளைத் தோண்டினார்கள். 1996ல் வெள்ளைப்புள்ளி நோய் வந்து இறால் செத்தது, பண்ணைக்காரர்கள் போனார்கள், குழிகள் மிஞ்சின. எங்களுடைய சாச்சாவும் இதில் காசு போட்டு அழிந்தவர். சாச்சியின் நகை போனது. சாச்சா அதன் பிறகு இறால் சாப்பிடவில்லை. நாங்கள் சின்ன வயதில் அதை வைத்துச் சிரிப்போம். அந்த வெறுங்குழியின் வரம்பில் நிற்கும்போது சிரிப்பு வரவில்லை.

ஆனால் சில குழிகளில் பச்சை வந்திருக்கிறது. கைவிட்ட பண்ணைகளைத் திரும்பக் கண்டல் காடாக்கும் வேலை ஆனைவிழுந்தானில் நடக்கிறது. கன்றை வெறுமனே நட்டால் வளராது. முதலில் வரம்பை வெட்டிக் கடல் நீர் ஏறி இறங்க வழிவிட வேண்டும். தண்ணீர் தன் வழியைக் கண்டுபிடித்தால் மரம் தானாகவே வரும். 2024 பெப்ரவரியில் ஐக்கிய நாடுகள் சபை, உலகில் இயற்கையை மீட்கும் ஏழு முன்மாதிரித் திட்டங்களில் ஒன்றாக இலங்கையின் கண்டல் வேலையை அறிவித்தது. நமது மாவட்டத்துச் செய்தி. நம்மில் எத்தனை பேர் பகிர்ந்தோம் என்று கேட்க மாட்டேன். நானும் பகிரவில்லை.

பத்தரை மணிக்குப் பிறகு வெயில் அடிக்கத் தொடங்கியது. கண்டல் காட்டுக்குள் காற்று இல்லை, நுளம்பு இருக்கிறது. பதூதாவின் குறிப்பில் அட்டையைப் பற்றி ஓர் இடம் வரும். அது மலைக்குப் பக்கத்தில். இங்கே அட்டை இல்லை என்று நினைத்து ஆறுதல்பட்டுக்கொண்டேன். இரண்டு தடவை பாதை சேற்றில் முடிந்து திரும்பி வந்தேன். பல்லக்கு ஆசாமியின் மேல் பொறாமையாக இருந்தது.

பிறகு குளங்கள்.

ஆனைவிழுந்தான் என்ற பெயரைக் கேட்டு ஒரு குளம் என்று நினைத்திருந்தேன். ஒன்றல்ல, அந்தக் காலத்தில் கட்டிய குளங்கள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகத் தொடர்கின்றன. மேல் குளம் நிறைந்தால் கீழ்க் குளத்துக்கு, அது நிறைந்தால் அடுத்ததுக்கு. கடைசியில் நன்னீர் வாய்க்காலையும் உப்புத் தண்ணீரையும் தொடுகிறது. நன்னீர்க் குளமும் கண்டல் காடும் கடலும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால்தான் 1,397 ஹெக்டேயர் இடத்தை 2001ல் ராம்சார் ஈரநிலமாக அறிவித்தார்கள். புந்தலைக்கு அடுத்ததாக இந்த நாட்டில் அந்தப் பட்டியலுக்குப் போனது இதுதான். அணைக்கட்டில் மருத மரங்கள். தண்ணீர் மேல் ஆம்பல். இலையில் இலையில் கால் வைத்து நடக்கும் நீண்ட வால் பறவை, நத்தை தேடும் நாரைகள், பட்ட மரத்தில் சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகங்கள். ஒரு மணித்தியாலம் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மனிதர் வரவில்லை. ஒரு ரயில் சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது.

ஆனை விழுந்த இடத்தில் உட்கார்ந்து பதூதாவின் யானைக் கதையை வாசித்தேன். இந்த மலைப் பாதையை முஸ்லிம்களுக்கு முதலில் திறந்தவர் என்று அவர் சொல்வது ஷீராஸ் நகரத்து ஷெய்க் இப்னு கபீப் அவர்களை. 982ல் வபாத்தானவர். ஷெய்க் ஏறக்குறைய 30 பேரோடு மலைக்குப் போகும்போது வழி தவறி, பசி. சின்ன யானை ஒன்றைப் பிடித்துச் சாப்பிடலாமா என்று கேட்டார்கள். ஷெய்க் வேண்டாம் என்றார். பசி தாங்காமல் அறுத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். ஷெய்க் தொடவில்லை. இரவு நாலா பக்கத்திலிருந்தும் யானைகள் வந்தன. படுத்திருந்தவர்களை ஒவ்வொருவராக மோந்து பார்த்துக் கொன்றன. ஷெய்கையும் மோந்து பார்த்தன, ஒன்றும் செய்யவில்லை. ஒரு யானை அவரைத் துதிக்கையால் தூக்கி முதுகில் வைத்து, ஆட்கள் இருக்கும் இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

அதற்கு முன் இங்கிருந்தவர்கள் முஸ்லிம்களை வழிமறித்துத் தொல்லை கொடுத்தார்கள், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள், அதற்குப் பிறகு வீட்டுக்குள் விட்டார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள், பெண்டு பிள்ளைகள் விஷயத்திலும் நம்பினார்கள் என்று பதூதா எழுதுகிறார். கதை நடந்ததா இல்லையா என்று நான் வாதாட வரவில்லை. எனக்குப் பிடித்தது அந்த மோந்து பார்த்தல். கூட வந்தவன்தானே என்று யானை ஷெய்கையும் சேர்த்து மிதிக்கவில்லை.

ளுஹர் நேரம் வந்தது. குளத்தில் வுழூ எடுத்தேன். எங்கே தொழுவது? இது ஒரு பெரிய கேள்வியாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. திறந்த அணைக்கட்டில் யாராவது கண்டால் என்ன நினைப்பார்கள்? புதருக்குப் பின்னால் தொழுதால், ஒளிந்து என்ன செய்கிறான் என்று நினைக்க மாட்டார்களா? கடைசியில் மருத மரத்தடியில், யாரும் வந்தால் தூரத்திலிருந்தே தெரியும் இடத்தில் முசல்லாவை விரித்தேன்.

ஸலாம் கொடுத்துத் திரும்பும்போது ஒரு வயதானவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சாரம், வெறும் மேல், கழுத்தில் சிலுவை. எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது.

சிங்களத்தில் கேட்டார். எந்த ஊர்? என்ன வேலை? இங்கே என்ன? நான் எழும்பிப் பதில் சொன்னேன். எனது சிங்களம் பயத்தில் இன்னும் மோசமாகும். ஆசிரியர் என்றேன். அடையாள அட்டையை எடுத்தேன். அதைப் பார்க்கவில்லை. நாடியால் பேக்கைக் காட்டினார்.

"ஏகே மொகத?"

திறந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து மண்ணில் வைத்தேன். தண்ணீர்ப் போத்தல் மூன்று. பாதிப் பணிஸ். வாழைப்பழம் நசுங்கியது. மாற்றுச் சட்டை. போட்டோகொப்பித் தாள்கள். நண்பனின் அம்மா காகிதத்தில் சுற்றித் தந்த கருவாடு. பேக்கைக் கவிழ்த்துக் காட்டினேன், பிள்ளையின் பென்சில் சீவல் கொட்டியது. கை நடுங்கியது, பயத்தில் பாதி, கோபத்தில் பாதி. எனது வயது முப்பத்தேழு. எத்தனை பிள்ளைகளின் பேக்கை நான் இப்படி வகுப்பில் கவிழ்க்கச் சொல்லியிருப்பேன் என்று அந்த நேரத்தில் ஏனோ நினைவு வந்தது.

அவர் குனிந்து கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்து மோந்து பார்த்தார். "உடப்பா?" என்றார்.

"ஓம்" என்றேன், என்னை அறியாமல் தமிழில்.

அவரும் தமிழுக்கு வந்தார். கரையோரத்து வயதானவர்களிடம் இன்னும் இருக்கும் அந்தத் தமிழ். இவர்களின் பேரப்பிள்ளைகள் சிங்களம் மட்டும்தான் பேசுகிறார்கள். "எங்கட அப்பா காலத்துல வீட்டுல தமிழ்தான்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. குளத்தைப் பார்த்துக்கொண்டே, "தங்கச்சிட மகள் கட்டுவாப்பிட்டியில செத்தது. பூசைக்குப் போன" என்றார்.

எனக்கு வாய் வரவில்லை. அந்த நாள் தொட்டு நாம் எத்தனை அறிக்கை விட்டோம், எத்தனை பள்ளியில் கண்டனம் சொன்னோம். அவர்கள் எங்களில் இல்லை என்று எத்தனை தடவை எழுதினேன் இதே பக்கத்தில். அந்த மனுசனுக்கு முன்னால் அதில் ஒரு வரியும் வரவில்லை. மண்ணில் கிடந்த சாமானைப் பொறுக்கிப் பேக்கில் போட்டேன். அவரும் ஒரு போத்தலை எடுத்துத் தந்தார்.

"முன்னுக்குப் போக ஏலாது. கட்டு உடைஞ்சிருக்கு. வா மகன்."

சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பின்னால். தென்னந்தோட்டங்களுக்குள்ளால் ஏதோ வழி, தனியே வந்திருந்தால் கண்டுபிடித்திருக்க மாட்டேன். அதிகம் பேசவில்லை. எங்கே போகிறாய் என்றார். 700 வருடத்துக்கு முந்தி ஒருவர் எங்கள் ஊரிலிருந்து சிறீபாதம் போன வழி என்றேன். "ஆர், சிங்கள ஆளா?" "இல்ல, அரபி." "நடந்தா?" "இல்ல, பல்லக்கு." அதற்கு மட்டும் சிரித்தார். அவர் சின்ன வயதில் ஒருமுறை சிறீபாதம் ஏறியிருக்கிறாராம், பிறகு முழங்கால் விடவில்லையாம்.

வீதிக்கு வந்ததும் சின்னக் கடை. பிளேன்டீ குடிப்போமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பிறகு சைக்கிளைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். காசை நான் கொடுக்கப் போக, கடைக்காரப் பெண்ணிடம் சிங்களத்தில் ஏதோ சொல்லித் தடுத்துவிட்டார். மன்னிப்பு என்று அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. பேர் கேட்க மறந்துவிட்டேன்.

சிலாபம் வரை நடப்பதாகத்தான் திட்டம். பங்கதெனியாவில் கால் சொல்லிவிட்டது. இரண்டு குதிகாலும் கொப்புளம். ஓடும் பஸ்ஸைக் கைகாட்டி ஏறினேன், சிலாபத்துக்கு அல்ல, புத்தளத்துக்கு. அஸர் வீட்டில்தான். நாள் முழுக்க நடந்த தூரத்தை பஸ் முக்கால் மணித்தியாலத்தில் திருப்பித் தந்தது.

நடந்ததை மனைவியிடம் சொன்னேன். பேக் விஷயத்தையும் சொன்னேன். "நான் சொன்னன்தானே" என்பார் என்று நினைத்தேன். கருவாட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். கொஞ்சம் கழித்து அங்கிருந்தே, "அந்தத் தங்கச்சிட மகளுக்கு என்ன வயசாம்?" என்று கேட்டார். அதையும் நான் கேட்டிருக்கவில்லை.

பாடசாலை தொடங்கியது. கேள்வி கேட்ட மகனைக் கூப்பிட்டுப் பதில் சொன்னேன். சுவரில் பெரிய இலங்கைப் படம் ஒட்டி, புத்தளம், முந்தல், ஆனைவிழுந்தான், சிலாபம் என்று சிவப்புப் பேனாவால் கோடு போடச் சொன்னேன்.

இந்த மகனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இவருடைய வாப்பும்மா 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வந்தவர். வடக்கிலிருந்து விரட்டப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர். நமது பள்ளிகளும் பாடசாலைகளும் வீடுகளும் அவர்களுக்குத் திறந்தது உண்மை. எனது உம்மா அண்டாவில் சோறாக்கிக் கொடுத்த கதையை இன்றும் சொல்வார். முப்பது வருடத்துக்குப் பிறகும் நமது பிள்ளைகள் சண்டை வந்தால் இந்தப் பிள்ளையை 'அகதி' என்று கூப்பிடுவதும் உண்மை. எங்கே படித்தார்கள் அந்த வார்த்தையை? வகுப்பில் நான் படிப்பிக்கவில்லை. அன்று பாலாவி ரோட்டுக் கேள்விக்குச் சிரித்தார்களே, கேள்விக்கு மட்டும் சிரித்தார்கள் என்று நான் நம்பவில்லை. அன்று நான் அதைத் தட்டிக் கேட்கவும் இல்லை.

மகன் கோடு போட்டு முடித்தார். பேனாவைத் தரவில்லை.

"சேர், வாப்பும்மா வந்த வழியும் எனக்குத் தெரியும். வள்ளத்துல. அதையும் போடவா?"

"போடுங்க மகன்."

மன்னாரில் தொடங்கிக் கடலுக்குள்ளால் கற்பிட்டி வரை ஒரு கோடு இழுத்தார். சிவப்பு முடிந்துவிட்டது, கடைசித் துண்டு நீலத்தில்தான். டிசம்பர் லீவில் சிலாபத்திலிருந்து தொடங்கலாம் என்று இருக்கிறேன், கால் ஆறினால். வருபவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். தண்ணீரை அவரவர் தூக்க வேண்டும்.